ஹாஜியார் தந்த திரை

முகைதீன்பாவா ஹாஜியாரின் கடையிலிருந்து திரைச்சீலை வந்து இறங்கியபோது மசூர் அதைப் புது மாப்பிள்ளையைப் போல வாசலுக்கே போய் வரவேற்றான். சிவப்பு வெல்வெட். நடுவில் கொட்டை எழுத்தில் ஹாஜியாரின் கடைப்பெயர். அதற்குக் கீழே, தேடினால் கிடைக்கிற அளவில், எங்கள் வெண்மணல் நாடக மன்றத்தின் பெயர். அதுவரைக்கும் பழைய சேலைகளை ஒன்றாகத் தைத்துக் கட்டித்தான் நாங்கள் மேடையை மூடிவந்தோம்.

“இனி ஒலிபெருக்கியும் அவர்ர பொறுப்பு மச்சான். அக்கரைப்பற்று, இறக்காமம் எல்லாம் போய் நாடகம் போட லொறியும் தாறாராம்,” என்றான். மன்றத்தின் செயலாளர், நாடகம் எழுதுகிறவன், நடத்துகிறவன் எல்லாம் அவன்தான். பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். ஐந்தாம் வகுப்போடு தறிக்குப் போன எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி.

எனக்கு அந்த வெல்வெட் தொண்டையில் இறங்கவில்லை. கல்முனை பசாரில் ஹாஜியாருடையது பெரிய புடவைக் கடை. மருதமுனையில் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான தெருவில், இருந்த தறிகள் எல்லாம் அவரை நம்பித்தான் ஓடின. அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவியத் தொடங்கியதும், எங்கள் சாறன்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. ஒருநாள் கரை சரியில்லை என்பார், இன்னொருநாள் சாயம் போகிறது என்பார். என் மனைவி ஸம்ஸியா நெய்த கட்டும் அப்படித்தான் வந்தது. அவள் அதைப் பிரித்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஹாஜியார் ஜும்ஆவுக்கு உடுத்து வருவது மட்டும் எங்கள் ஒழுங்கைச் சாறன்தான்.

அதைத்தான் மசூர் நாடகமாக எழுதினான். எங்கள் வீட்டில் இருந்து, ஸம்ஸியா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்குடித்து எழுதினான். கடைசிக் காட்சியில் நெசவுக்காரன் முதலாளியிடம் கேட்கிற கேள்வி அவள் வாயிலிருந்து வந்தது: “உங்கட இடுப்புக்கு ஆகின எங்கட சாறன், உங்கட கடைக்கு மட்டும் ஏன் முதலாளி ஆகாமப் போச்சி?”

மசூர் அப்போது துள்ளி எழும்பினான். “அவரை முன்வரிசையில இருத்திப்போட்டுக் கேக்கணும். அதுதான் கேள்வி,” என்றான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஹாஜியாரைப் பிரதம விருந்தினராக அழைக்க எங்கள் ஒழுங்கை சம்மதித்தது. நான்தான் வீடுவீடாகப் போய்ச் சம்மதம் வாங்கினேன்.

எங்கள் மன்றத்தில் யாரும் வசனம் பாடமாக்குவதில்லை. பகல் முழுக்கத் தறியிலும் தோணியிலும் கிடப்பவர்களுக்கு அதற்கு நேரமேது? பக்கத் திரைக்குள் நின்று மசூர் மெல்லச் சொல்வான், நாங்கள் வாங்கி உரக்கச் சொல்வோம். அப்படிப் பழகிப் பழகி, அவன் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் நடுவில் யோசனைக்கு இடமில்லாமல் போயிருந்தது.

பெருநாளுக்கு மறுநாள், பின்னேரம் அசர் தொழுதுவிட்டுத் தொடங்கினோம். பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. கயிறு கட்டிப் பிரித்த பெண்கள் பக்கத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதும் பாய் விரித்து இருந்தது. கடைசிக் காட்சி வந்தது. முதலாளியாக நடித்த சரீபின் முன்னால் நெசவுக்காரனாக நான் போய் நின்றேன்.

“முதலாளி,” என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

“முதலாளி!” என்றேன்.

“உங்கட கை எங்கட தறிக்கு மேல இரிக்கும் மட்டும்...”

சொன்னேன்.

“எங்கட அடுப்பு அணையாது.”

அதையும் சொன்னேன். உரக்க, நெஞ்சில் கைவைத்து, நடிகன் சொல்ல வேண்டிய மாதிரியே சொன்னேன். கைதட்டல் கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே விளங்கியது. ஹாஜியார் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். பெண்கள் பக்கம் ஒரு கையும் தட்டவில்லை. கேள்வியைக் கேட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறக்கும்போது திரை விழுந்தது.

உள்ளே போய் மசூரின் சட்டையைப் பிடித்தேன்.

“மன்றம் வாழணும் மச்சான். அவர முன்னால வெச்சி அவமானப்படுத்தினா நாளைக்கி ஆர் நமக்கு மேடை போட்டுத் தருவாங்க?”

“எனக்கிட்ட ஒரு சொல்லு செல்லியிருக்கலாமே, மசூர்?”

“செல்லியிருந்தா நீ மேடையில ஏறியிருக்க மாட்டாய்.”

உண்மைதான். என்னை அவ்வளவு சரியாக அறிந்து வைத்திருந்தான். பிறத்தியான் யாரும் எனக்கு இதைச் செய்திருக்க முடியாது. அந்த நினைப்பில் என் கை தானாகச் சட்டையை விட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது ஸம்ஸியா குசினியில் இருந்தாள்.

“உங்களுக்கும் தெரியும்தானே?” என்றாள்.

“அல்லாஹ்மேல ஆணையாத் தெரியா, புள்ள.”

“உங்கட வாயாலதானே வந்திச்சி.”

முகத்தைத் திருப்பி அடுப்பை ஊதத் தொடங்கினாள். சத்தம் போட்டு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஹாஜியாரின் லொறி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. டிரைவர் ஒரு பெரிய நூல்கட்டை இறக்கி எங்கள் முற்றத்தில் வைத்தான். “மசூர் மாஸ்டர் ஹாஜியாருக்கிட்டக் கதைச்சாராம். உங்கட ஊட்டுச் சாறன் மட்டும் இனித் திரும்பி வராது, காக்கா,” என்று ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு மசூர் செய்த உதவியாம் அது! பக்கத்து வீட்டில் தறிச்சத்தம் நின்றது. பிறகு அடுத்த வீட்டிலும் நின்றது. பக்கத்து வீட்டுப் பாத்தும்மா வேலியோரம் வந்து, நூல்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மழை தூறத் தொடங்கியது. நூல் நனைவதை நெசவுக்காரர் யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஸம்ஸியா எழும்பி முற்றத்துக்கு ஓடினாள். கொடியில் கிடந்த பிள்ளைகளின் உடுப்புகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டாள். வழியில் கிடந்த நூல்கட்டைக் கால் படாமல் தாண்டி உள்ளே வந்தாள். வெள்ளை நூல் மேலிருந்து மெல்ல மெல்ல நனைந்து நிறம் மாறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற என்னை விலகச் சொல்லாமல், நிலையோடு ஒட்டி ஒதுங்கிப் போனாள்.