நடந்து வரும் எடைக்கல்

மாமா லிஃப்ட் மெக்கானிக். அக்கா அவருக்குப் பார்ட்னர். வேனின் பக்கவாட்டில் இரண்டு பேருடைய போன் நம்பரும் எழுதியிருக்கிறது. அக்காவின் நம்பர்தான் மேலே. மாமா போனை எடுக்க மாட்டார்.

நான் அக்காவுக்குத் தங்கை. இயற்பியல் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி அவர்கள் வீட்டுக்கு வந்தவள். இன்னும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு ரிப்போர்ட் டைப் செய்து கொடுக்கிறேன். யாரிடமும் பேசவேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லா லிஃப்டிலும், அளவுக்கு மேல் ஆள் ஏறினால் கத்துகிற மணி ஒன்று உண்டு. அது சரியான நேரத்தில் கத்துகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, இருபது கிலோ இரும்புக் கற்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்குவார்கள். கடைசிக் கல்லை வைத்ததும் மணி அடிக்க வேண்டும். முன்னாடியே அடித்தாலும் தப்பு, அடிக்காமலே இருந்தாலும் தப்பு.

கல் சுமப்பது இடுப்பை ஒடிக்கிற வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அக்கா, "நான் ஏறி நின்னுக்கறேங்க, அத்தனை கல்லு மிச்சம்தானே?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து மாமா வேனில் கல் ஏற்றும்போது அக்காவைக் கழித்துக்கொண்டுதான் ஏற்றுவார். "நான் நடந்து வர்ற எடைக்கல்லு" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். அவள் சொல்லலாம். ஒரு எலக்ட்ரீஷியன் ஒருமுறை அதைச் சொன்னான். மாமா அவனை அதற்குப்பிறகு வேலைக்குக் கூப்பிடவே இல்லை.

அக்கா எத்தனை கிலோ என்பது மாமாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ரிப்போர்ட்டில்கூட "கற்கள் மற்றும் இதர சுமை" என்றுதான் என்னை டைப் செய்யச் சொல்வார். மொத்தம் எத்தனை கல் அடுக்குவார்கள் என்று நான் இங்கே எழுதினால் நீங்கள் கழித்துப் பார்த்துவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை. நான் கழித்துப் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டீர்கள்.

நான்கு மாதத்துக்கு முன் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. சர்க்கரை, மூட்டுவலி, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கல் எல்லாம் சேர்ந்து, அவளே எடுத்த முடிவு. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு விட்டு வைத்தார்கள்.

முதலில் சில வாரங்கள் தண்ணியாக ஏதாவது குடித்தாள். பிறகு மசித்த சாப்பாடு. பிறகு முட்டை, மீன், பருப்பு. எதையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு கவளம் அதிகமாகப் போனால் விக்கல் வரும், நெஞ்சடைக்கும். அவள் ஒரு முட்டையைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

"சீக்கிரம் சாப்பிடுடி, அது திரும்பக் குஞ்சு பொரிச்சுடப் போகுது" என்பார் மாமா.

"பொரிக்கட்டும். அதையும் நீங்கதானே சாப்பிடப் போறீங்க?"

அதுவும் உண்மைதான். அக்கா பழைய பழக்கத்தில் தட்டில் நாலு கரண்டி போட்டுக்கொள்வாள். இரண்டோடு வயிறு கதவைச் சாத்திவிடும். மிச்சத்தை மாமா பக்கம் தள்ளுவாள். வீணாக்கக் கூடாது என்று மாமா, தன் சாப்பாட்டை முடித்த கையோடு, அதையும் முடிப்பார்.

எடை இறங்கியது. முடி கொட்டியது. மோதிரத்துக்கு நூல் சுற்றினாள். எல்லோருக்கும் வேர்க்கும்போது அவள் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். மாமாவோ அவளைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார். வாளியைத் தொடவிடவில்லை. அவள் மாடிப்படி ஏறினால் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏறினார். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகியும், "டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று தனியாகவே வேனை எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவுக்கு உள்ளுக்குள் வேறு பயம் இருந்தது. ஒருநாள் துணி மடிக்கும்போது என்னிடம் சொன்னாள்.

"இனிமே என்னைக் கூட்டிட்டே போக மாட்டாருன்னு நினைக்கிறேன்."

"ஏன்க்கா?"

"எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? கதவு அட்ஜஸ்ட் பண்ண அவருக்கே தெரியும். குடியிருக்கிறவங்ககிட்ட பேசறதுக்குன்னு ஒருத்தி வேணுமா? கல்லுக்குப் பதிலா நின்னுட்டிருந்தேன். இப்போ அதுக்கும் தேற மாட்டேன்." அவளுடைய பழைய சட்டை ஒன்றை விரித்துப் பார்த்தாள். அதில் இப்போது நாங்கள் இரண்டு பேரும் நுழையலாம். "அந்த வேன்ல உக்காந்து போறதுதாண்டி எனக்குப் பிடிச்சது" என்றாள்.

அன்று சாப்பிடும்போது சண்டை போட்டாள். சண்டை என்றால், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில், மென்று முடித்துவிட்டுப் போடுகிற சண்டை. மாமாவுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி. நாளைக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. வா. ஆனா மயக்கம் கியக்கம் வந்துச்சு, இன்னும் மூணு மாசத்துக்கு வேன் பக்கமே வரக் கூடாது."

"வரலைன்னா?"

"வரலைன்னா பாக்கலாம்."

"பாக்கலாம் கீக்கலாம் எல்லாம் வேண்டாம். வரலைன்னா நாளைலேர்ந்து நான் பழையபடி பார்ட்னர்."

மாமா தலையாட்டினார். கூடவே என்னையும் வரச் சொன்னார். ஃப்ளாஸ்க் தூக்க.

அது ஆறு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் ரிப்பேராகி, சரிசெய்து, சர்டிஃபிகேட்டுக்காகக் காத்திருந்தது. ஒரு வாரமாகப் படியேறிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. இன்ஸ்பெக்டர் ஒல்லியான ஒரு அம்மா. வணக்கத்துக்குக்கூட ஒரு தலையசைப்புதான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மாமாவும் வாட்ச்மேனும் கற்களை அடுக்கினார்கள். அக்கா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய், கற்களுக்கு நடுவில் தன் பழைய இடத்தில் நின்றாள். வாயெல்லாம் பல்.

"கடைசிக் கல்லு மேடம். இப்போ அடிக்கும்" என்று மாமா வைத்தார்.

மணி கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது.

மாமா காலால் தரையை லேசாகத் தட்டினார். கல்லை எடுத்துத் திரும்ப வைத்தார். ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் தன் பேனாவை மூடினார்.

"எடை சென்சாரா இருக்கும் மேடம். பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. மாமா பேனலைத் திறந்தார், வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், லிஃப்டுக்குக் கீழே இருக்கும் குழிக்குள் இறங்கி ஏறினார். நடுநடுவே தலையை நீட்டி, "தலை சுத்துதா?" என்றார்.

"இல்லை."

"கண்ணு இருட்டுதா?"

"லைட்டை நீங்கதான் ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க."

சாப்பாட்டு வேளை வந்ததும் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு அவித்த முட்டை. மெல்ல ஆரம்பித்தாள். பையோடு மேலே ஏறிப்போன ஒருவர் ஏதோ மறந்து திரும்ப இறங்கி வந்தார். அவள் அதே வாயை மென்றுகொண்டிருந்தாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

அக்கா பொறுங்கள் என்று விரலைக் காட்டி, விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கேன். லிஃப்டுக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். "புது சென்சார் போட்டுட்டு அடுத்த வாரம் கூப்பிடுங்க."

பையோடு படியில் நின்றிருந்தவரின் முகம் தொங்கிவிட்டது. மாமா குழியிலிருந்து எழுந்து வந்தார். மூக்கில் கிரீஸ்.

"சென்சார் நல்லாத்தான் மேடம் இருக்கு. கணக்கும் சரி. கல்லு இத்தனை, அதோட இவ ஒரு..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இவங்க எத்தனை கிலோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா திருதிருவென்று விழித்தார். "அது... சரியான எடைதான் மேடம்."

அக்கா மெல்வதை நிறுத்தினாள். "என்னங்க, என்னை எவ்வளவுன்னு போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான்."

"எப்பவும்னா?"

மாமா கிட்டே போய் அவள் காதில் சொன்னார். இத்தனை பேருக்கு நடுவிலும் அந்த எண்ணை அவர் காதோடுதான் சொன்னார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு ஒரு கையால் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா பதறி, "மயக்கமா?" என்று தாங்கப் போனார்.

"வாளியைத் தொட விட மாட்டீங்க. படியேறினா பின்னாலேயே வர்றீங்க. காத்தடிச்சா பறந்துடுவேன்னு பயப்படறீங்க. கணக்குல மட்டும் நான் இன்னும் அதே ஆளா?"

மாமாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் காது சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"காலைல கல்லு ஏத்தும்போது கை தானா கழிச்சிடுச்சு" என்றார்.

இன்ஸ்பெக்டர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை.

வேனில் வேறு கல் இல்லை. அதனால் அக்கா படியிலேயே இருக்க, எப்போதுமே அவளைவிடக் கனமான மாமா அவள் இடத்தில் ஏறி நின்றார். "என் எடை எனக்குத் தெரியும் மேடம். கல்யாணத்திலேர்ந்து மாறவே இல்லை" என்று சொல்லி, அதற்குத் தகுந்தபடி எத்தனை கல் வேண்டும் என்றும் சொன்னார். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வாட்ச்மேன் ஒவ்வொன்றாக வைத்தார்.

இன்னும் ஒரு கல் வெளியே இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. கட்டடம் முழுக்கக் கேட்டது.

"இப்போ முன்னாடியே அடிக்குதே" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா மணியை முறைத்தார். அக்கா மாமாவின் சட்டை பட்டன்களைப் பார்த்தாள். நடுப் பட்டன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா. "பக்கத்துல மருந்துக்கடை இருக்கு. வாசல்ல எடை பாக்கிற மெஷின் இருக்கு. வாங்க எல்லாரும்."

எல்லோரும் போனோம். படியில் நின்றிருந்த அந்தப் படிக்காரரும் வந்தார். மாமா செருப்பைக் கழற்றினார், பாக்கெட்டிலிருந்த ஸ்பேனரை எடுத்து என்னிடம் கொடுத்தார், பிறகு போனையும் கொடுத்தார், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"மூச்சை விடுங்க. அதுக்கு எடை கிடையாது" என்றாள் அக்கா.

முள் நின்ற இடத்தைப் பார்த்து மாமா முகத்தில் ஈயாடவில்லை. இறங்கி, கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"நாலு மாசமா நீ தட்டுல மிச்சம் வச்சதெல்லாம் அது" என்றார் மெதுவாக.

"வெளியே போகலைங்க. குடும்பத்துக்குள்ளேயேதான் இருக்கு" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் இந்த முறை மறைக்காமலே சிரித்தார். திரும்பி வந்து புது எண்ணை வைத்துக் கூட்டினார்கள். எத்தனையாவது கல்லில் அடிக்க வேண்டும் என்று அக்கா முன்கூட்டியே விரலால் தொட்டுக் காட்டினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு போய் உள்ளே நின்றார். அவள் தொட்ட கல்லை வாட்ச்மேன் வைத்தார். மணி அடித்தது. படிக்காரர் கைதட்டினார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

கற்களை வேனில் ஏற்றிய பிறகு மாமா, "உனக்கு மயக்கம் வரலையே?" என்றார். கேள்வியில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"உங்களுக்குத்தான் வந்துச்சு. மருந்துக்கடை பெஞ்சுல."

மாமா அசடு வழிந்தார். டப்பாவில் பாதி முட்டை மீதி இருந்தது. அவர் கை தானாக அதன் பக்கம் போனது. அக்கா டப்பாவை மூடினாள்.

"அது என் கணக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு நானே சாப்பிடுவேன்." வேனின் முன் சீட்டில் ஏறி, பழைய அளவுக்குப் பின்னால் தள்ளியிருந்த சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஏழு" என்றார் மாமா. சற்றுப் பொறுத்து, "கல்லுக் கணக்கை இனிமே நீயே பாத்துக்கோ" என்றார்.

இப்போதெல்லாம் காலையில் மாமா தெருவில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கு எவ்வளவுடி?" என்று கத்துகிறார். அக்கா குளியலறையில் மெஷின்மேல் நின்றபடி, எதிர்வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி எண்ணைச் சொல்கிறாள். அவர் அதற்குத் தகுந்தபடி கல் ஏற்றுகிறார். முன்பைவிட நிறையக் கற்கள். நிறைய முனகல்.

"நீங்க எவ்வளவு?" என்று அக்கா திருப்பிக் கேட்பாள்.

தெருவில் வேனின் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மாமா உள்ளே வந்து, நான் டைப் செய்யும் மேசையைத் தாண்டிப் போய், அவள் காதில் சொல்லிவிட்டுப் போவார்.