மூன்றாம் அறையின் சென்சார்

அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தடுப்பூசிக் கிடங்கிலிருந்துதான் என்று இருவருக்குமே தெரியும்.

அங்கே குளிர் அறைகளை அப்பாதான் ஓய்வுபெறும்வரை பார்த்துக்கொண்டார். இப்போது அவள். வெப்பநிலையைப் பதிவு செய்யும் இயந்திரம் மட்டும் அவர் காலத்துடையதே. பழைய சென்சார்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும். ஒன்றை மாற்றினால் அதற்கான திருத்த எண்ணை இயந்திரத்தில் கையால் ஏற்ற வேண்டும். தவறினால் மருந்து கெட்டதுகூடத் தெரியாது. விவரம் தெரிந்தவர் நேரில் நின்றே ஆகவேண்டும். அம்மா போன அன்று அப்பா அப்படித்தான் அங்கே நின்றிருந்தார். அவள் விடுதியில் இருந்தாள். அம்மாவின் பக்கத்தில் இருந்தது தம்பி மட்டும், பள்ளிச் சீருடையோடு.

"போகப்போறியா?" என்றான் இப்போது.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். மூன்றாம் அறை சென்சார் போய்விட்டது, அறை நிறைய மருந்து இருக்கிறது, வண்டி அனுப்பட்டுமா என்றார் கிடங்கு எலக்ட்ரீஷியன்.

புதுச் சென்சார்களை அவள்தான் மல்லுக்கட்டி வாங்கவைத்திருந்தாள். தான் எந்தச் சென்சார், எவ்வளவு திருத்த வேண்டும் என்பதெல்லாம் சென்சாருக்குள்ளேயே பதிந்திருக்கும். பழைய இயந்திரத்தோடு இணைத்த சின்னப் பெட்டி அதைப் படித்துக்கொள்ளும். கேட்டுவிட்டு அப்பா சிரித்திருந்தார். "வேலைக்கு வர்றப்பவே சர்டிபிகேட்டக் கையோட கொண்டுவருதா? பரவாயில்லையே."

ஆனால் அவள் பக்கத்தில் இல்லாமல் யாரும் இதுவரை அதை மாட்டியதில்லை. அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"அலமாரியில புதுசு இருக்கு. பழசக் கழட்டிட்டு அதச் சொருகுங்கண்ணே."

"நம்பர் எதாச்சும் போடணுமாம்மா?"

"வேண்டாம். அதுவே சொல்லிக்கும்."

அவர் நடப்பதும் கனத்த கதவு திறப்பதும் கேட்டது. பிறகு குளிர்க்காற்று இயந்திரத்தின் இரைச்சல். அதைக் கேட்டதும் அப்பாவின் இமைகள் அசைந்தன. அவள் எதிர்முனைக் குரலுக்காகக் காத்திருந்தாள்.

"வந்துடுச்சும்மா. நாலு டிகிரி. என் கையில இருக்கற தெர்மாமீட்டரும் அதையேதான் காட்டுது."

அப்பா கண்ணைத் திறந்திருந்தார்.

"நீ... போகலையா?"

"போகலப்பா." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பார்வை அவளை விட்டு மெல்ல நகர்ந்து மகனிடம் போய் நின்றது. அவன்மீதே வெகுநேரம் இருந்தது. தம்பி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்ட இழுத்துப்போட்டு அவருடைய இன்னொரு கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

வெயில் தணிவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. இருவரும் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுபடி எலக்ட்ரீஷியன்தான் கூப்பிட்டார். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதாம், அவள் கவலைப்பட வேண்டாமாம்.

"அப்பாகிட்டயும் சொல்லுங்கம்மா. சந்தோஷப்படுவாரு."

அவள் போர்வைச் சுருக்கத்தை நீவினாள்.

"சொல்றேண்ணே."

சுருக்கம் போகவில்லை. மறுபக்கத்து ஓரத்தைத் தம்பி இழுத்துப் பிடித்தான்.