பூனைக்கு மூன்று

மண்ணெண்ணெய் டின்னின் மூடியைச் சென்னியப்பன் நெம்பித் திறந்ததும் நெடி அறை முழுக்க எழுந்து நின்றது. பார்மலின், செத்த உடம்பு அழுகாமல் ஊறவைக்கிற மருந்து. கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்தது போல ஆகிவிட்டது டாக்டர் ராமபத்ரனுக்கு. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். செபமாலை நகரவில்லை. டின்னுக்குள் கையை விட்டுப் பின்னங்கால்களைப் பற்றித் தூக்கி, தகரத் தட்டில் போட்டாள். நனைந்த கோணி விழுந்த சத்தம். தேயிலை பாக்டரி ஸ்டோரில் எலி பிடித்துக்கொண்டிருந்த சாம்பல் நிறக் கடுவன் பூனைதான் அது. இடது காது நுனி கிழிந்திருந்ததை வைத்து அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். பூனையை வளர்த்துக் கொஞ்சுகிற வழக்கம் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் கிடையாது.

சித்திரபுரத்துக்கு மேலே, ஜீப் ஏறுகிற கடைசி எஸ்டேட் அது. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு டிரஸ்ஸர் வேண்டும். காயம் கட்ட, ஊசி போட, டாக்டர் இல்லாத நாளில் டாக்டராக இருக்க. பத்தாம் கிளாஸ் தேறியவர்களில் வடிகட்டி இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள், செபமாலையும் சென்னியப்பனும். ஆஸ்பத்திரி டாக்டர் ராமபத்ரன் மூன்று மாதம் பயிற்சி கொடுப்பார். பிறகு மூணாற்றிலிருந்து பெரிய டாக்டர் வந்து பரீட்சை வைப்பார். இருவரில் ஒருவருக்குத்தான் வேலை.

செபமாலைக்கு அது வேலை மட்டுமில்லை. அவள் அம்மா மிக்கேலம்மாளுக்கு அந்தக் கார்த்திகையோடு பேர் வெட்டு, அதாவது ஓய்வு. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள். அவள் பேர் போகிற மாதமே வீட்டில் இன்னொருத்தர் பேர் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். கொழுந்துக்கு ஒருமுறை பேர் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, ஆபீஸ் எதற்கும் மாற்ற மாட்டார்கள். எஸ்டேட்டில் எழுதப்படாத சட்டம் அது, எழுதியதைவிடக் கெட்டி. ஆக அவளுக்கு முன்னால் இருந்தவை இரண்டு: வெள்ளைக் கோட்டு, அல்லது அம்மாவின் கூடை. கோட்டுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவள் சுபாவம் அப்படி.

உடம்பைப் பற்றிப் படிப்பிக்க மனித உடம்புக்கு எங்கே போவது? ராமபத்ரனிடம் ஒரு புத்தகம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து அவருடைய அத்திம்பேர் அனுப்பியது. பூனையை அறுத்துச் சதைகளைப் படிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாகப் படம். கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வயது ஆகவில்லை, ரத்தத்துக்குப் பயமில்லை, பூனைக்குப் பயம். பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்று அவர் அம்மா கடுதாசியே எழுதியிருந்தாளாம். முதல் நாளே கணக்கைத் தீர்த்துவிட்டார்.

“கொன்னது வாட்ச்மேன் வீரபாண்டி. அறுக்கப் போறது நீங்க ரெண்டு பேர். நான் தூர நின்னு வாசிக்க மட்டும் செய்யறேன். இதுல எனக்குப் பங்கு கிடையாதாக்கும்.”

சென்னியப்பன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். அப்பாவுக்குக் கிணறும் கடலைக்காடும் உண்டு. பாலக்காட்டில் பிரிடிகிரி சேர்ந்து, ஒரு வருஷத்தில் நின்று, காட்டுக்கு வா என்ற அப்பனிடம் முறைத்துக்கொண்டு மலை ஏறியவன். பாக்டரியில் ராத்திரி ஷிப்டு. காலையில் புருவத்தில் தேயிலைத் தூளோடு நேராக வகுப்புக்கு வருவான். உலகம் தனக்கு மட்டும் தனியாகத் துரோகம் செய்தது போல முகத்தை வைத்திருப்பான். ஆனால் பொய் பேச மாட்டான்.

தோலை மெதுவாக, விரலால் பிரிக்க வேண்டும் என்று டாக்டர் வாசித்ததைக் கேட்டுச் சிரித்தான். “மாசாணியம்மனுக்கு ஆடு வெட்டுனா அஞ்சு நிமிசத்துல நானுங்க உரிச்சுப் போடறது. இந்த எலிபுடிச்சிக்குப் போயி ரெண்டு நாளா?”

சொன்னதோடு நிற்கவில்லை. சுற்றுமுற்றும் கொக்கி தேடினான். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பி கண்ணில் பட்டது. பூனையின் பின்னங்காலைக் கட்டி அதில் தலைகீழாகத் தொங்கவிட்டான். இடது பக்கம் கத்தியால் ஒரு கீறல், முஷ்டியை உள்ளே விட்டு ஒரு இழுப்பு. ஆட்டுக்குச் சரியான வேலைதான். ஆடு அன்றைக்கு வெட்டினது, சூடு இருக்கும், தோல் வழுக்கிக்கொண்டு வரும். இது மருந்தில் ஊறி ரப்பராகிப்போனது. தோலோடு முதுகுச் சதையும் பாதி பிய்ந்து வந்துவிட்டது. டாக்டர் ஜன்னலோரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

“இடது பக்கம் முழுக்கப் போச்சு. ஓய், இது பந்திக்குப் பரிமாற இல்லை, கேட்டேளா.”

வலது பக்கத்தைச் செபமாலை வாங்கிக்கொண்டாள். பூனையைக் கம்பியிலிருந்து இறக்கித் தட்டில் குப்புறப் போட்டாள். இரண்டு நாள் ஆயிற்று அவளுக்கு. கத்தியை எடுக்கவே இல்லை. நகம் படாமல், விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பிரித்தாள். கொழுந்தை நகத்தால் கிள்ளினால் கறுத்துப்போகும், விரலால் ஒடிக்க வேண்டும் என்று சின்ன வயதில் அம்மா அடித்துச் சொன்னது கையில் இருந்தது. தோலுக்குக் கீழே வெள்ளிச் சவ்வு. அதையும் எடுத்தபின் சதை. பார்த்தால் எல்லாம் ஒரே தவிட்டு நிறம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று யாரும் சொல்ல முடியாது. நாலாம் நாள் அவளே கண்டுபிடித்தாள்: நார் ஓடுகிற திசை மாறுகிற இடம்தான் எல்லை. அங்கே விரலை வைத்து லேசாக அழுத்தினால், புத்தகத்தின் ஒட்டிக்கொண்ட பக்கம் பிரிவது போலப் பிரியும்.

டாக்டர் வாசிப்பார், அவள் தொடுவாள். பூனைக்கு ஆன்டீரியர், அதாவது முன்பக்கம், என்றால் தலைப்பக்கம், போஸ்டீரியர் வால்பக்கம். டார்சல் முதுகு, வென்ட்ரல் வயிறு. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் டிரபீசியஸ் மூன்று. பிடரியிலிருந்து காறையெலும்புக்கு வருவது கிளாவோ டிரபீசியஸ். இரண்டு தோள்பட்டையின் மேலும் தகடாகப் பரவியது அக்ரோமியோ டிரபீசியஸ். முதுகுத்தண்டிலிருந்து முக்கோணமாக ஏறுவது ஸ்பைனோ டிரபீசியஸ். சென்னியப்பன் தன் பக்கத்தில் கிழிந்து தொங்கியதைத் துணியால் மூடிவிட்டு, அவள் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். பாதி நேரம் உட்கார்ந்தபடியே தூங்குவான்.

சாயங்காலம் லயத்தில் மிக்கேலம்மாள் பாயில் குப்புறப் படுப்பாள். முதுகில் தைலம் தேய்ப்பது செபமாலையின் வேலை. முப்பத்தெட்டு வருஷம் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த முதுகு. தோளில் தோல் தடித்துக் கருத்திருந்தது. அதுவரை வெறும் அம்மாவாக இருந்த முதுகு, இப்போது விரலுக்குக் கீழே தனித்தனியாகப் பிரிந்தது. பிடரியில் கயிறு போல ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவில் பலகை போல ஒன்று, அதற்குக் கீழே சரிந்து இறங்கும் ஒன்று. பூனையிடம் பார்த்த மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றாக அழுத்திப் பேர் சொல்லிக்கொண்டாள்.

“ஏளா, என்னத்த மொணங்குத? செபமா?”

“ஒன் சதைக்கெல்லாம் பேரு இருக்கும்மா.”

“சதைக்கும் பேரா. பேரு வைக்கவனுக்கு வலிக்காது. நீ கீழ கொஞ்சம் அமுக்கு.”

பரீட்சையன்று மழை விட்டிருந்தது. உயிருள்ள முதுகில் கோடு போட்டுக் காட்ட வேண்டும், ஆளை நீங்களே கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சென்னியப்பன் வீரபாண்டியைக் கூட்டி வந்தான். செபமாலை அம்மாவை. மிக்கேலம்மாள் அரை நாள் லீவு சொல்லி, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பெரிய டாக்டர் வயசானவர், கோட்டயத்துக்காரர், அவசரக்காரர். காயம் கட்டுவதில் செபமாலை முந்தினாள். ஊசியில் இருவரும் சமம். கடைசியாக முதுகு. திரைக்கு அந்தப் பக்கம் சென்னியப்பனிடம் கழுத்துக்கும் தோளுக்குமான சதையைக் காட்டச் சொன்னது இவளுக்குக் கேட்டது. அவனுக்கு மூன்றின் எல்லை எங்கே தெரியும்? அவன் பக்கம்தான் கிழிந்துபோனதே. ஊதா மருந்தைத் தொட்டு, பிடரியிலிருந்து நடுமுதுகு வரை பட்டம் போல ஒரே கோடாகச் சுற்றி வளைத்தான்.

“இது மொத்தமும் டிரபீசியஸுங்க.”

“சரி. நல்லது,” என்றார் பெரிய டாக்டர். அவனை இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்றே செபமாலை நினைத்தாள்.

அவள் முறை வந்தது. அம்மாவின் ரவிக்கையைப் பின்னால் தளர்த்தி, விரலால் எல்லையைத் தடவிப் பார்த்து, மூன்று கட்டம் வரைந்தாள். மூன்றின் பேரையும் தடங்கலில்லாமல் சொன்னாள். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இது ஆரு படிப்பிச்சது? மனுஷனுக்கு இவிட ஒரு மசில்தான். மூணு பூனைக்கு.”

ராமபத்ரன் முகம் வெளுத்தது. புத்தகத்தை வாசித்தவர், மனிதனுக்கு எங்கே மாறும் என்று ஒருநாளும் யோசித்துச் சொன்னதில்லை. பூனையைத் தொடாமல் இருப்பதிலேயே குறியாக இருந்துவிட்டார். “தப்பு என்னோடது சார். நான்தான் அதைச் சொல்லிக் கொடுக்கலை,” என்றார்.

“பரீட்சை அவளுக்கோ, உனக்கோ?”

ராமபத்ரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். செபமாலைக்கு அம்மாவின் கூடை கண் முன்னால் வந்து நின்றது. பிறகு விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த முதுகை மூன்று மாதம் தடவியது அவள்தான், புத்தகம் இல்லை.

“ஒரு நிமிசம் பொறுங்க சார். எழுதிராதீங்க.”

மேசையிலிருந்த அகல பேண்டேஜ் துணியை எடுத்து அம்மாவின் தலையில் கூடைக் கயிறு போல மாட்டி, பின்னாலிருந்து கீழே இழுத்தாள். மிக்கேலம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழக்கத்தில் தலையைக் கொடுத்து எதிர்த்து நின்றாள். மேல் கட்டம் மட்டும் கல்லாக எழுந்தது. “இப்ப தூரத்துக் கொழுந்தப் புடிச்சு இழும்மா.” கை நீண்டு திரும்பியது. நடுக் கட்டம் குவிந்தது. “இப்பக் கூடையில போடு.” கை தோளுக்கு மேலே ஏறிப் பின்னால் வீசியது. கீழ்க் கட்டம் துடித்து இறங்கியது.

“தொட்டுப் பாருங்க சார்.”

பெரிய டாக்டர் தயங்கி, பிறகு உள்ளங்கையை வைத்தார். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். மிக்கேலம்மாள் செய்தாள். நாலாவது தரம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“டாக்டரய்யா கை பனிக்கட்டியா இருக்கு. சீக்கிரம் எண்ணிச் சொல்லுங்க. எனக்கு மத்தியானம் பெரட்டு இருக்கு, ஆள் எண்ணுவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. கையை எடுத்து, செபமாலையைப் பார்த்தார். தாளில் ஒரே ஒரு பதில்தான் எழுத முடியும், ஒன்றா மூன்றா, கடைசியாகச் சொல் என்றார். ஒன்று என்று சொன்னால் முடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. ராமபத்ரன் அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒற்றை விரலை மடியில் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“சதை ஒண்ணுதான் சார். நீங்க சொன்ன பெறகு தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா செய்யுற வேல மூணு. கொழுந்துக்காரி முதுகு வலின்னு வந்தா எந்த எடத்துல வலின்னு நான் பாத்தாகணும். ஒண்ணுன்னு மட்டும் எழுதணும்னா நீங்களே எழுதிக்கிடுங்க.”

அவர் என்னவோ எழுதினார். ‘ஒன்று’ என்ற சொல்லுக்கு அது நீளம் அதிகம். தாளை மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டார். முடிவு திங்கட்கிழமை ஆபீசுக்கு வரும்.

வாசலில் சென்னியப்பன் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே நடந்தது முழுக்க அவன் காதிலும் விழுந்திருந்தது.

“கிழிச்சுப் போட்டவனுக்கு மார்க்கு, பிரிச்சுப் பாத்தவளுக்கு வெசாரணை. நல்லா இருக்குது போ,” என்றான். பிறகு புகையை விட்டபடி, “எனக்குக் கெடச்சா நா வாங்கிக்குவேன் புள்ள. பெருந்தன்மையா உட்டுக் குடுப்பேன்னு நெனச்சறாதே. ராத்திரி முழிச்சு முழிச்சுக் கண்ணு வெந்துபோச்சு.”

“ஒங்களுக்குக் கெடச்சாத்தான அண்ணே.”

அவன் முதல் தடவையாக மனம் விட்டுச் சிரித்தான். பல்லெல்லாம் தேயிலைக் கறை.

அன்று சாயங்காலம் குழாயடியில் அம்மாவின் முதுகைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள் செபமாலை. ஊதா மருந்து போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை. கிடக்கட்டும், ஒரு வாரத்தில் தானாகப் போகும் என்றாள் மிக்கேலம்மாள். அந்த ஒரு வாரம்தான் அவள் பேர் ரெஜிஸ்டரில் இருக்கும் கடைசி வாரமும்.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி ஆள் பிரித்தார். அம்மாவோடு வந்து நின்ற செபமாலையைப் பார்த்து, திங்கட்கிழமை நீ கூடையோட வாரியா, சும்மா வாரியா என்று கேட்டார். சும்மாதான் என்றாள் செபமாலை. பெண்கள் வரிசையாக மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். குனிந்து ஏறுகிறவர்களுக்குத் தலைதான் முன்பக்கம், பூனைக்குப் போல. மிக்கேலம்மாள் மூன்றாவதாகப் போனாள். காலிக் கூடைதான், ஆனாலும் தலையைக் கொடுத்து எதிர்க்கும் பழக்கம் போகவில்லை. ரவிக்கைக் கழுத்துக்கு மேலே ஊதாக் கோட்டின் ஒரு முனை தெரிந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் அது விறைத்து மேலே ஏறியது, தளர்ந்து இறங்கியது, மறுபடி ஏறியது, மூடுபனி வந்து மறைக்கும் வரை.