காயாத மண்

ஜேட் செடியின் தடித்த இலை சுருங்கினால்தான் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் கணவருக்கு இது கடைசிவரை மண்டையில் ஏறவில்லை. தினமும் காலையில் சவரம் செய்த கையோடு, அந்தச் சவரக் குவளையிலேயே தண்ணீர் பிடித்து ஊற்றி, இரண்டு செடிகளை அழுகவிட்டார். மூன்றாவது அழுகுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதன்பிறகு இரண்டு மாதமாக நான் அதற்கு ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஆனாலும் ஜன்னலோரத் தொட்டியில் மண் காலைதோறும் ஈரமாக இருந்தது. மகளைப் பிடித்துத் திட்டினேன்.

"நான் அந்தப் பக்கமே போகலம்மா. அப்பாவோட குவளையைப் பாரு, அதுவும் ஈரமா இருக்கு," என்றாள்.

அடியிலைகள் பழுத்து உதிர்ந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன்.

"செத்தும் திருந்தலையா நீங்க? இதையும் கொன்னுட்டுதான் ஓய்வீங்களா? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க!"

மறுநாள் மண் காய்ந்திருந்தது. அதற்கு மறுநாளும்.

ஒரு மாதம் ஆகிறது. இலைகளெல்லாம் சுருங்கிக் கிடக்கின்றன. நான் ஊற்றவில்லை. காலையில் எழுந்ததும் அவர் குவளையில் தண்ணீர் பிடித்து, தொட்டி பக்கத்தில் வைக்கிறேன்.

"கோவிச்சுக்காதீங்க," என்கிறேன். "இன்னிக்கு ஊத்தலாம்."