இடது பக்கம் ஓர் ஆடு

வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஜெபம் பண்ணுவது ஞானசெல்வியின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து, இருபத்தோரு வருஷமாக, ஆசிர் எந்தச் சவாரிக்குப் புறப்பட்டாலும் வாசலில் நின்று காரின் முன்பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "சாரதியாக நீரே இருந்து இந்த வண்டியை நடத்தும் ஆண்டவரே" என்று முடிப்பாள். ஆசிர் "ஆமென்" என்று சொன்னால்தான் ஜெபம் முடிந்ததாக அர்த்தம். சொன்ன கையோடு சாவியைத் திருகுவான். இன்றைக்கு அவளும் கூடப் போவதால் முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள். சாரதியாக என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். எப்போதும் சொல்கிற சொல்தான். இந்தத் தடவை ஆண்டவர் நிஜமாகவே ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் உண்டு.

"என்னட்டி, பாதியில நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல. தொண்டையில என்னமோ."

மீதியை அவசரமாக முடித்தாள். ஆமென் என்றான். வண்டி சங்கரன்கோவிலை விட்டுத் திருநெல்வேலி ரோட்டில் ஏறியது. நன்றாக விடிந்த பிறகுதான் புறப்பட வேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான். ஒரு காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி விடியும்போது கன்னியாகுமரியில் சூரியன் காட்டிய ஆள்.

ஆசிர் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஊரில் பாதிப் பேருக்குக் கடலையும் அருவியையும் அவன்தான் காட்டியிருக்கிறான். பெண்டாட்டிக்கு மட்டும் எதையும் காட்டவில்லை. முன் இருக்கை சவாரி வருகிறவர்களுக்கு உரியது என்பது அவனுடைய தொழில் தர்மம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட அவளைப் பின்னால்தான் உட்கார வைப்பான். அப்படிப்பட்டவன் போன வாரம் திடீரென்று, "கடையநல்லூர் மம்மது பாய் சொல்லுதாரு, துபாய்ல ஒரே நாள்ல டவுனையும் சுத்திக் காட்டி, பாலைவனத்துலயும் நடக்க விடுதானாம். நமக்கு என்ன, தூத்துக்குடி இல்லையா, தேரிக்காடு இல்லையா? ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அதற்கு அடுத்த மூச்சிலேயே, வண்டியைக் கூட வாடகைக் கார் ஓட்டுகிற மாரிசெல்வத்துக்கு விற்கப் போவதாகவும், வருகிற வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வான் என்றும் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு முதுகு வலி என்றான்.

முதுகு வலி இல்லை என்பது ஞானசெல்விக்குத் தெரியும். சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது, டிரைவர் தலைக்கு மேலே வெயில் மறைக்கிற பலகையின் பின்னால் நாலாக மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. திருநெல்வேலியில் எங்கோ கண் பரிசோதனை செய்த காகிதம். அதில் இரண்டு வட்டங்கள். அவள் திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வட்டத்துக்குள் பிள்ளைகள் கண்டபடி கறுப்பு அடித்துவைப்பதை நிறையப் பார்த்திருக்கிறாள். அதே மாதிரிதான் இருந்தது. இரண்டு வட்டமும் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு பட்டாணி அளவுக்கு வெள்ளை. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. மருந்து கிடையாது. இருட்டில் தெரியாது. வண்டி ஓட்டக்கூடாது. மடித்தபடியே மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கண்ணாடியை இரண்டாம் தடவை துடைத்தாள்.

ஏன் நேராகக் கேட்கவில்லை என்று கேட்டால் அந்த வீட்டின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் இருவரும் எட்டு மணிக் குடும்ப ஜெபத்தில் சொல்லிக்கொள்வார்கள். கண்ணை மூடி, ஆண்டவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் கோபப்பட முடியாது. ஆமென் வேறு சொல்லியாக வேண்டும். "சுண்டவத்தக் குழம்புக்கு உப்புப் போடுகிற கரத்துக்கு ஞானத்தைத் தாரும்" என்று அவன் ஜெபித்திருக்கிறான். "பெண்டாட்டியின் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு முகத்தைத் தூக்காமல் வருகிற தாழ்மையைத் தாரும்" என்று இவள் ஜெபித்திருக்கிறாள். மகள் ஜெனிபா பாளையங்கோட்டை விடுதிக்குப் படிக்கப் போனபோது அவன் அழுததும் ஜெபத்தில்தான். ஆகவே இதையும் அவன் அங்கே சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். மூன்று மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் காத்திருந்தாள். அவன் மழைக்காக ஜெபித்தான், நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபித்தான், மாரிசெல்வத்தின் மாமனாருக்குக் கால் ஆபரேஷன், அதற்காகவும் ஜெபித்தான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவன் ஆண்டவரிடமே சொல்லாததைத் தான் எப்படி வாயில் எடுப்பது என்று அவளும் இருந்துவிட்டாள். பைத்தியக்கார யோசனைதான். அந்த யோசனையோடுதான் மூன்று மாதம் குடித்தனம் நடத்தினாள்.

பனவடலிசத்திரம் தாண்டும்போது இடது பக்கம் கரிசல் காட்டிலிருந்து ஓர் ஆடு ரோட்டை நோக்கித் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. ஆசிர் வேகத்தைக் குறைக்கவில்லை. கண் நேரே ரோட்டின் நடுவில் நிலைத்திருந்தது. ஞானசெல்வி கையை நீட்டினாள்.

"ஏங்க, அங்கன பாருங்க, ஆடு! எவ்வளவு அழகா இருக்கு!"

அவன் சடாரென்று கழுத்தைத் திருப்பினான், பிரேக்கை மிதித்தான். ஆடு தன்பாட்டில் கடந்து போனது.

"ஆட்டப் போயி அதிசயமாப் பாக்கியே," என்று சிரித்தான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் வாயை மூடவில்லை. புல்லுக்கட்டு வைத்த சைக்கிள், ரோட்டோரம் நெல் காய்வது, பள்ளிக்கூடப் பையோடு ஓடுகிற பிள்ளைகள், வேகத்தடை, திரும்புகிற டவுன் பஸ், எல்லாவற்றையும் பார்த்து ஐயோ எவ்வளவு நல்லா இருக்கு என்று கைகாட்டிக்கொண்டே வந்தாள். திருநெல்வேலி தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியபோது தொண்டை கட்டிவிட்டது. ஆசிர் ஒரு கையால் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான்.

"ஊரு பாக்கணும்னு ஒனக்கு இம்புட்டு ஆசையாட்டி? இத்தன வருசம் உள்ளுக்குள்ளயே வச்சிருந்தியே. நான் ஒரு மடையன்."

அவள் தண்ணீரைக் குடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. புரையேறிவிட்டது என்றாள்.

தூத்துக்குடியில் வண்டியை விட்டு இறங்கி நடந்தார்கள். துறைமுகக் கப்பல்களைத் தூரத்திலிருந்து காட்டினான். தூரமும் நேரும் அவனுக்குப் பிரச்சினை இல்லை; கப்பலின் மேல் எழுதியிருந்த எண்ணைக்கூடப் படித்தான். பக்கவாட்டில் இருந்ததுதான் அவனுக்கு இல்லாமல் போயிற்று. மக்ரூன் இனிப்பு வாங்கிய கடையில் நாற்காலி ஒன்றைத் தட்டிவிட்டான். மாதா கோயில் வாசலில் ஒரு பாட்டியம்மாள் மேல் தோள் இடித்து, "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று ஏச்சு வாங்கினான். அவன் சிரித்து மன்னிப்புக் கேட்டான். ஞானசெல்விக்குத்தான் அந்தக் கிழவியின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஒன்றும் செய்யாமல் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவில் கை கோத்து நடப்பது அவர்கள் ஊர் வழக்கம் இல்லை. அவன் வெட்கப்பட்டான், ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

காயாமொழி பக்கம் தேரிக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. ராத்திரி தங்கல் நாசரேத்தில், அவளுடைய சித்தி வீட்டில். இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்பது அவள் கணக்கு. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றாள். அவன் கேட்கவில்லை. இருபது வருஷமாகக் கல்யாண ஜோடிகளைப் போட்டோ பிடிக்க இங்கே கூட்டி வந்திருக்கிறான். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை, காரிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். இன்றைக்கு நடந்தே தீருவது என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

குங்குமத்தைக் கொட்டிவைத்த மாதிரி மணல். மேடு ஏறினால் இரண்டு எட்டுக்கு ஓர் எட்டு கீழே சறுக்கியது. முந்திரி மரங்கள் தாண்டி, பனைகள் இடுப்பு வரை மணலுக்குள் புதைந்து நின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தார்கள். திறந்த வெளியில் அவன் கால் எங்கும் இடறவில்லை. இடறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சரிவில் உட்கார்ந்து சறுக்கிக்கூடப் போனான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முட்டு வலிக்கி. போலாமா?"

"பொழுது அடையுதத மட்டும் பாத்துருவோம். மம்மது பாய் அதத்தான் சொன்னாரு."

ரோட்டுக்கு மேலே இருந்த கடைசி மேட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கீழே புளிய மரத்தடியில் அவர்களுடைய கார் தெரிந்தது. சூரியன் பெரிதாகி, சிவந்து, பனைகளுக்குப் பின்னால் இறங்கியது. ஆசிர் இமைக்காமல் பார்த்தான். தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தி, அந்த வட்டத்தைத் தன் வெள்ளை வட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது. முழுதாக மறையும் வரை அவன் மூச்சுவிட்டானா என்பதே சந்தேகம். அவள் சூரியனைப் பார்க்கவே இல்லை.

பிறகு வெளிச்சம் மடமடவென்று வடிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவன் எழுந்திருக்காமல் இருந்தான். கடைசியில் எழுந்து நடந்தான், காருக்கு எதிர்ப் பக்கமாக. பத்து எட்டு வைப்பதற்குள் ஓர் உடைமுள் செடி கையைக் கிழித்தது. அவளுக்குச் செடி நன்றாகத் தெரிந்தது. கூப்பிடுவதற்குள் நடந்துவிட்டது. ஆ என்றுகூடச் சொல்லாமல் அப்படியே நின்று, ஏதோ காட்சியைப் பார்ப்பவன் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டான்.

மாரிசெல்வத்துக்குப் போன் போட்டால் வருவான். நூறு கிலோமீட்டருக்கு மேல். என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது? சித்தி வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அவளுக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. கார் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. அதில் ஏறினால் அவன் சாவியைத் திருகுவான், ஓட்ட மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, ஓட்டாதே என்று சொல்ல அவளுக்கும் வாய் வராது. இருட்டில் எதிரே வருகிற லாரிகளை எப்படி அழகாக இருக்கிறது என்று சொல்வது?

"செல்வி," என்றான் அவன், திரும்பாமலே. "கெளம்புததுக்கு முன்னால ஜெபம் பண்ணிருவமா?"

அவனருகே போய் நின்று கண்ணை மூடினாள்.

"அன்பின் ஆண்டவரே, இந்த நாளுக்காக நன்றி செலுத்துகிறோம். பட்டணத்தையும் வனாந்தரத்தையும் காணச் செய்தீரே, ஸ்தோத்திரம். திரும்பிப் போகிற வழியிலும் சாரதியாக…" அதற்கு மேல் பள்ளிக்கூடத் தமிழ் வரவில்லை. "ஆண்டவரே, இவியளுக்கு அந்தி சாஞ்சா கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியும். சித்திரையிலேருந்து தெரியும். அந்தக் காகிதத்த நான் பாத்துட்டேன். ரெண்டு வட்டத்தையும் பாத்துட்டேன். பயமா இருக்கு ஆண்டவரே. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். ஆமென் வரவில்லை. பனை ஓலைகள் உரசிக்கொண்டன. காற்று மணலைக் கொண்டுவந்து கால்விரல்களுக்கு நடுவே போட்டது. பிறகு அவன் கீழே உட்காருகிற சத்தம் கேட்டது. அவளும் உட்கார்ந்தாள்.

"காலையிலேருந்து நீ ஒரு கோயிலக் காட்டல, ஒரு மலையக் காட்டல," என்றான். "ஆட்டையும் சைக்கிளையுமே காட்டிட்டு வார. எவட்டி இப்பிடி ஊரு பாப்பா?"

அவள் கால்விரல்களை மணலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா வண்டியில ஏறுன?"

"நீங்க கூப்பிட்டீயளே."

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, வேறு ஏதாவதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து அவன் கை துழாவிக்கொண்டு வந்தது. முதலில் அவள் முழங்காலில் பட்டது, பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. முள் கிழித்த இடத்தின் ஈரம் அவள் தோலில் ஒட்டியது.

"கண்ணத் தொறந்துட்டியா?"

"இல்ல. நீங்க இன்னும் ஆமென் சொல்லலையே."

"தொறக்காத. செத்த நேரம் இப்பிடியே இருப்போம்."

அவள் திறக்கவில்லை. அவன் சட்டைப் பையில் சாவி கிலுங்கியது. வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பதற்கோ என்னவோ, அவன் சாவியின் பொத்தானை அமுக்கினான். கீழே எங்கோ, அவள் நினைத்த திசையில் இல்லாமல் வேறொரு திசையிலிருந்து, கார் இரண்டு தடவை கீச் கீச் என்று பதில் கொடுத்தது. நாலு விளக்கும் மின்னி அணைந்திருக்கும். இருவரும் அந்தச் சத்தத்தின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.