வடக்குச் சுவர்

சுடலையால் வந்து தலை முழுகிய ஈரம் காயமுன்னமே சந்திரகலா ஹோல் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று கிழமையாய்ப் பழகிப்போன பார்வை. மணி மூன்று பத்து. வெளியே முப்பத்தெட்டு பாகை வெக்கை என்று அது காட்டியது.

மெல்பேர்னிலிருந்து வந்திருந்த மகள் ஸ்ருதி, ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு பின்னால் நின்றாள்.

“அம்மா, இதென்ன தேர்ட்டி எய்ட் எண்டு காட்டுது? வெளியில காத்து குளிர்மையா அடிக்குதெல்லோ?”

சந்திரகலாவுக்கு அன்றைக்கு வெயிலும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை.

சந்திரகலாவின் புருஷன் தேவராஜாவுக்கு, அவருடைய தம்பி ஜெகதீஷ் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய அணு மணிக்கூடு அது. அமெரிக்காவிலிருந்து வரும் ரேடியோ சிக்னலைப் பிடித்துத் தானாகவே நேரத்தைத் திருத்துமாம். வெளியே மாட்டுகிற சின்ன சென்சர் வெக்கையை அளந்து, வயரில்லாமல் உள்ளே அனுப்புமாம். அந்தச் சிக்னல் இங்கே சிட்னிக்கு எட்டாது என்று தெரிந்த அன்று, ரயில்வேயில் இருபத்தாறு வருஷம் சிக்னல் பார்த்த மனுஷன் பொழுதுபடும் வரைக்கும் ஒருவரோடும் கதைக்கவில்லை. புற்றுநோய் கட்டிலில் விழுத்தியும் அந்த ரோசத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

நேரத்தைக் கையால் வைத்தார்கள். கட்டிலில் கிடந்தபடி அவர் விளக்கப் புத்தகத்தை வாசிக்க, வேலையெல்லாம் அவள்தான் செய்தாள். முதலில் சென்சருக்கு பற்றரி, பிறகு மணிக்கூட்டுக்கு.

“சென்சரை வடக்குப் பக்கச் சுவரில மாட்டட்டாம், கலா. மாறி அடிச்சிடாதையும்.”

அவளும் பார்த்துப் பார்த்து வடக்குச் சுவரில் ஆணி அடித்தாள். அதன்பிறகு அவள் வெளியே வளவுக்குள் இறங்கவே இல்லை. யன்னல்சீலை இழுத்தபடி, ஏசி போட்டபடி, அவரோடேயே கிடந்தாள்.

கடைசி மூன்று நாளும் மத்தியானத்துக்குப் பிறகு அவர் கேட்டார்.

“கொஞ்ச நேரம் வெளியில இருத்திவிடுமன்.”

மூன்று நாளும் அவள் மணிக்கூட்டைக் காட்டினாள். அவர் அந்த இலக்கத்தைப் பார்த்து, “ஓம், மெத்த வெக்கைதான்” என்று கண்ணை மூடிக்கொண்டார். நாலாம் நாள் காலை அவள் தேத்தண்ணியோடு போய் எழுப்பினாள். அவர் எழும்பவில்லை.

வெளியே போன ஸ்ருதி சென்சரைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

“அம்மா, இது கனடாக்காரருக்கு எழுதின புத்தகம். அங்க வடக்குச் சுவருக்கு வெயில் படாது. இஞ்ச வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான். சுவர் தொடேலாமல் சுடுது.”

தெற்குப் பக்க நிழலில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாள். இருவரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்து நாலு. முப்பது. இருபத்தாறு. கடைசியில் இருபத்து மூன்றில் நின்றது.

சந்திரகலா அவர் கிடந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். பாவி, இதுக்கோ அந்த மனுஷனை அறைக்குள் பூட்டி வைத்தேன்?

ஸ்ருதியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“நீங்கள் முப்பத்தெட்டு எண்டு சொல்ல, நானெல்லோம்மா ஃபோனில சொன்னனான், அப்பாவை வெளியில விட வேண்டாமெண்டு. ஒவ்வொரு நாளும் சொன்னனான்.” தாயின் கையைப் பிடித்தாள். “அப்பவும் இப்பிடித்தானே இருந்திருக்கும்?”

சந்திரகலா மகள் பிடித்த கையையே பார்த்தாள்.

“இல்லைப் பிள்ளை. அந்தக் கிழமை உண்மையாவே சரியான வெக்கை. நான் வெளியில போய் நிண்டு பாத்தனான். ஒரு நிமிஷம் நிக்கேலாது.”

“உண்மையாவோ?”

“அப்பாவாணை.”

ஸ்ருதி அவளைக் கட்டிப்பிடித்து, வந்த நாளிலிருந்து அழாத அழுகையை அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

சந்திரகலா பின்கதவைத் திறந்து வெறுங்காலோடு புல்லில் இறங்கினாள். மெல்லிய காற்று அடித்தது. ஈரத் தலைக்கு அது இதமாக இருந்தது.

“அம்மா, அங்க என்ன செய்யிறீங்கள்?”

“காயப்போட்ட உடுப்பு எடுக்கிறன்.”

கொடியில் ஒரு துணியும் இல்லை.