மூன்று தபாலும் ஒரு அட்வான்ஸும்

செக்கருக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி. வேளைக்கு வேளை வந்துவிடும். முப்பத்தொரு வருடம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி டிக்கெட் பரிசோதித்த மனிதர். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் அந்தக் கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. மனைவி "டீ ஆறுது" என்றால் டம்ளரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார். மழை பெய்கிறது என்று ரேடியோ சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். கை நனைந்தாலும், மேல் வீட்டில் யாராவது துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்த்துக்கொள்வார்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. ஐம்பத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. செக்கரம்மாவின் வலது முழங்கால் இரண்டு வருடமாகத் தகராறு செய்துகொண்டிருந்தது. அவள் காய்கறி வாங்கிக்கொண்டு மேலே வந்து சேர்வதற்குள் பாதிக் காய் வாடிவிடும் என்று செக்கர் சொல்வார். அதில் பொய் கொஞ்சம்தான். தெருவுக்கே இறங்காமல் அவள் பதினோரு நாள் இருந்ததும் உண்டு.

அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. வீட்டுக்குச் சொந்தக்காரி ஒரு நர்ஸம்மா. "சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள அட்வான்ஸ் கொடுத்துட்டா வீடு உங்களுக்கு. ஒரு மணிக்கு வேற ஒருத்தர் வர்றார்," என்று சொல்லிவிட்டாள். இங்கே கொடுத்து வைத்திருக்கும் ஆறு மாத வாடகை திரும்பி வந்தால்தான் அங்கே கொடுக்க முடியும். வேறு காசு கையில் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த அட்வான்ஸை வாங்கிய வீட்டுக்காரர், ஒரு மரக்கடைக்காரர், மூன்று மாதத்துக்கு முன்பே இந்தக் கட்டடத்தை ஒரு பல் டாக்டரம்மாவுக்கு விற்றுவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் செக்கர் மரக்கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பலகையை அளந்துகொண்டே பேசினார்.

"அட்வான்ஸா சார்? அதை விலையில கழிச்சுக்கொடுத்துட்டேனே. இனி டாக்டரம்மாதான் உங்களுக்குத் தரணும்."

"கையில கொடுக்கலையா?"

"கழிச்சாச்சுன்னா கொடுத்த மாதிரிதானே சார்."

செக்கரிடம் ஒரு தொழில் முறை உண்டு. ஒரே கேள்வியை மூன்று கோணத்தில் கேட்பார். எங்கே ஏறினாய், எந்த ஸ்டாப்பில் ஏறினாய், ஏறும்போது பஸ்ஸில் எத்தனை பேர் என்று கேட்டால் எப்பேர்ப்பட்ட ஓசிப் பயணியும் மூன்றாவதில் உளறிவிடுவான். மரக்கடைக்காரரையும் அப்படியே மடக்கினார். அவரோ மூன்று தடவையும் ஒரே பதிலை, ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். போதாததற்கு டீயும் வரவழைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், "ஆள் சரியில்லை. மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான்," என்றார் செக்கர்.

"மாத்திச் சொல்லியிருந்தா?" என்று கேட்டாள் செக்கரம்மா, காலில் தைலம் தேய்த்தபடி.

"அப்பப் பொய்யின்னு தெரிஞ்சிருக்கும்."

"ஆக, வாயைத் திறந்தவன் எல்லாம் திருடன். நீங்க கட்டின பொண்டாட்டி நான் மட்டும் எப்படிங்க தப்பிச்சேன்?"

"உன் விசாரணை இன்னும் முடியலை," என்றார் அவர், சிரிக்காமல்.

வெள்ளிக்கிழமை, ஊரின் மறுகோடியிலிருந்த பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினாள். பஸ் சீட்டைவிட வசதியாக இருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

"சொல்லுங்க, எந்தப் பல்லு?"

"பல்லு இல்லைங்க, அட்வான்ஸு. மூணாவது மாடி."

டாக்டரம்மா முகத்திலிருந்த துணியைக் கீழே இறக்கினாள். அந்தப் பார்வையைச் செக்கர் எங்கோ பார்த்திருக்கிறார். எங்கே என்று ஒரு நிமிடம் கழித்துத்தான் பிடிபட்டது. டிக்கெட் இல்லாதவனைத் தாம் பார்க்கும் பார்வை அது.

"நீங்கதான் அந்த மூணாவது மாடியா? ஆறு மாச வாடகை உங்களுக்குத் தரணும்னு பழைய ஓனர் சொல்லித்தான் விலையில கழிச்சார். அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பலாமா? அதான் உங்க வாயால தெரிஞ்சுக்கலாம்னு எழுதிக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை."

"எனக்கு ஒரு கடுதாசியும் வரலையே."

அவள் இழுப்பறையைத் திறந்து மூன்று உறைகளை எடுத்து வரிசையாக வைத்தாள். பதிவுத் தபால். மூன்றின் மேலும் தபால்காரர் ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'வாங்க மறுத்தார்.'

செக்கர் உறைகளைத் திருப்பிப் பார்த்தார். நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. தபால்காரர் மூன்று முறை ஐம்பத்திரண்டு படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க சார்," என்றார். "உள்ள என்ன இருக்குன்னு காட்டு, அப்புறம் போடுறேன்," என்றார் இவர். "கையெழுத்துப் போட்டாத்தான் சார் பிரிக்க முடியும்." "பிரிச்சாத்தான்யா போட முடியும்." மூன்று முறையும் இதே வழக்கு. மூன்றாவது முறை தபால்காரர், "தயவு செஞ்சு தரைக்குக் குடி வாங்க சார்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

"தபாலையே வாங்காதவர் நிஜமான குடித்தனக்காரரா, இல்லை வேற யாராவது உள்ள பூந்து உட்கார்ந்திருக்காரான்னு யோசிச்சேன்," என்றாள் டாக்டரம்மா. "அது போதாதுன்னு, முதல் மாசம் என் பேங்க் கணக்குல ஒரு சில்லறைக் காசு வந்து விழுந்துச்சு. யாரோ என் கணக்கை நோட்டம் விடுறாங்கன்னு அன்னிக்குத் தூக்கமே இல்லை."

"அது நான்தாங்க. மரக்கடைக்காரர் கொடுத்த கணக்கு நம்பர் சரிதானா, வாடகை வந்து சேருமான்னு ஒரு ரூபா போட்டுப் பார்த்தேன்."

"அடையாள அட்டை இருக்கா?"

செக்கர் எடுத்துக் கொடுத்தார். லட்சம் பேரிடம் 'காட்டு' என்று கேட்ட கை, வாழ்நாளில் முதல் முறையாகக் காட்டியது. அட்டையிலிருந்த படத்தில் அவருக்குத் தலை நிறைய முடியும் கத்தை மீசையும் இருந்தன. டாக்டரம்மா படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "வாயைத் திறங்க," என்றாள். படத்தில் சிரிக்கும் மனிதருக்கு முன்பல் ஒன்று சற்று மடங்கியிருந்தது. செக்கர் பிடி கொடுக்காமல் கொஞ்சமாகத் திறந்தார். பல் மடங்கித்தான் இருந்தது.

"சரி. வாடகைப் பத்திரத்துல உங்க சம்சாரம் பேரும் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க."

சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு இறங்கத் தொடங்கினாள் செக்கரம்மா. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று, "இது என்ன கட்டடங்க, நேத்து ராத்திரி நடுவுல ரெண்டு மாடி கட்டிட்டானா?" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பத்தே முக்கால்.

டாக்டரம்மா காகிதத்தைத் தயாராக வைத்திருந்தாள். 'முன்பணம் முழுவதையும் பெற்றுக்கொண்டோம். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.' செக்கர் அதை நான்கு தடவை படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதுகுப் பக்கமும் பார்த்தார்.

"பெற்றுக்கொண்டோம்னு இருக்கு. இன்னும் பெறலையே?"

"கையெழுத்துப் போடுங்க, தர்றேன்."

"தாங்க, போடுறேன்."

"சாவி உங்ககிட்ட இருக்கு. காசையும் கொடுத்துட்டா என் கையில என்ன மிஞ்சும்?"

"கையெழுத்தையும் கொடுத்துட்டா என் கையில என்ன மிஞ்சும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள் மாதிரி இருந்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபதைத் தாண்டியது. காத்திருந்த நோயாளி ஒருவருக்குப் பல்வலி தானாகவே போய்விட்டது.

"எங்கங்க போடணும்?" என்றாள் செக்கரம்மா. யாரும் பதில் சொல்வதற்குள் தன் பெயரை எழுதி முடித்துவிட்டாள்.

"படிச்சியா?"

"என் கால் படிச்சுது."

சொன்னவள் சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் மேசைக்கு அடியில் முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. இறங்கிய ஐம்பத்திரண்டையும் அவள் இன்று மறுபடி ஏற வேண்டும். தரை வீடு கைவிட்டுப் போனால் அதற்குப் பிறகும் நாள்தோறும். செக்கர் பேனாவை வாங்கினார். பாம்பைப் பிடிப்பவர் மாதிரி பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

டாக்டரம்மா காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவு மூடிக்கொண்டது.

இப்போது செக்கர் கையில் காசும் இல்லை, காகிதமும் இல்லை. உள்ளறைக்குப் பின்வாசல் இருக்குமோ என்று தோன்றியது. எழுந்து போய் ஜன்னல் வழியே பார்த்தார். மரக்கடைக்காரரும் இவளும் சொந்தக்காரர்களோ? தபால்காரரும் இதில் கூட்டோ? நான்கு நிமிடத்தில் ஊரில் பாதிப் பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். கதவு திறந்தது. டாக்டரம்மா காகிதத்தின் நகல் ஒன்றையும் கனத்த உறை ஒன்றையும் அவர் முன்னால் வைத்தாள்.

"எண்ணிக்கங்க."

எண்ணினார். சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் மறுபடி எண்ணினார். மூன்றாவது முறை தொடங்கியபோது செக்கரம்மா உறையைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வண்டியைப் பிடிங்க. மணி பதினொன்னு நாற்பது."

நர்ஸம்மாவின் வாசலை அடைந்தபோது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. காசை வாங்கிக்கொண்டு அவள் சாவியைக் கொடுத்தாள். ரசீது எழுத உள்ளே போனாள்.

செக்கரம்மா தெருவிலிருந்து நேராக வீட்டுக்குள் நடந்தாள். வாசலில் படியே இல்லை. முன்னறை, சமையலறை, பின்னறை என்று சுவரைத் தொடாமல் ஒரு சுற்று வந்தாள். பிறகு இன்னொரு சுற்று. காரியம் எதுவும் இல்லை, நடப்பதற்காகவே நடந்தாள்.

செக்கர் வாசலிலேயே குனிந்து, தெரு மட்டத்தையும் வீட்டுத் தரை மட்டத்தையும் ஒற்றைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"மழை பெஞ்சா தண்ணி உள்ள வரும் போல இருக்கே. அதனாலதான் அவசரப்படுத்தினாளோ?"

"வந்தா வரட்டும்," என்றாள் அவள் பின்னறையிலிருந்து. "டிக்கெட் கேட்டுப் பாருங்க. இப்ப உள்ள வாங்க."